எல்வா வளர்த்த பழுப்பு மேப்பிள்

எங்கள் மலையூர் பைப்பர் கல்லியில் எல்வா யென்ஷ் இருபத்தெட்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். வளைந்து வளைந்து இறங்கும் ஒடுக்கமான மலைச்சாலை. ஒரு பக்கம் செர்ரித் தோட்டம், மறுபக்கம் பள்ளம். அவள் வண்டியில் ஏறிய ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் பட்டதில்லை. ஆனால் ஒருமுறை பேருந்துக்குள் எச்சில் துப்பிய ஒரு பையனை, அவன் பள்ளி முடித்து, கல்யாணம் பண்ணி, தன் மகனை அதே பேருந்தில் ஏற்றிவிட வந்த நாள்வரை அவள் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அந்த மகன் படியேறியபோது, "வாடா, துப்பினவன் மகனே, உள்ள போய் உக்காரு" என்றாள். சிரிக்கவில்லை.

நான் பெவ். ஊர்த் தபால் அலுவலகம் என் பொறுப்பில் இருந்தது. எல்வா கடிதம் போட வருவாள், வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவாள், போவாள். அவளிடம் அதிகம் பேச வேண்டுமென்றால் இலையைப் பற்றிப் பேச வேண்டும். எங்கள் மலைப்பக்கத்தில் எல்லோரும் பூவுக்காகத் தோட்டம் போட்டால் எல்வா இலைக்காகப் போட்டாள். வசந்தத்தில் அவள் வீட்டைத் தாண்டினால் ஒன்றுமே இருக்காது, வெறும் பச்சை. பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்களுக்கு ஏப்ரல்தான் இலையுதிர்காலம்; அப்போது அங்கே கார்களின் வேகம் தானாகக் குறையும்.

லூத்தரன் தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு பழைய மேப்பிள் மரம் உண்டு. அதன் இறக்கை வைத்த விதைகளை எல்வா வருடா வருடம் பொறுக்கி வந்து ஆப்பிள் பெட்டிகளில் விதைப்பாள். ஒரே தாயின் விதைதான், ஆனால் ஒவ்வொரு நாற்றுக்கும் இலையுதிர்காலத்தில் ஒரு தனி நிறம். முந்நூறு முளைத்தால் நாலு இலையுதிர்காலம் பொறுத்துப் பார்ப்பாள். மங்கலாகப் போவதையெல்லாம் பிடுங்கி எறிவாள். மூன்றோ நாலோ மிஞ்சும். சில வருடம் ஒன்றுமே மிஞ்சாது.

எண்பதுகளின் நடுவில் அவளுக்கு ஒன்று கிடைத்தது. ஏப்ரல் முதல் வாரம் அது எலுமிச்சை மஞ்சளாகும். பிறகு ஒவ்வொரு இலையும் நுனியிலிருந்து சிவந்துகொண்டே வரும், நடு நரம்பை ஒட்டி மட்டும் மஞ்சள் நிற்கும். மற்ற மரங்கள் ஒரு நல்ல காற்றுக்கு மொத்தமாகக் கொட்டிவிடும். இது மூன்று வாரம் பிடித்துக்கொண்டு நின்றது. எல்வாவின் கணவன் ரெக்ஸ் மர அறுவை ஆலையில் வேலை செய்து நுரையீரல் கெட்டு வீட்டோடு இருந்தான். அந்த மரம் சமையலறை ஜன்னலுக்கு நேராக நின்றதால் அவன் நாற்காலியும் அங்கேயே இருந்தது.

அந்த ஏப்ரலில்தான் லயல் கார்மோடி அவர்கள் வீட்டுக்கு வந்தார். மலைப்பக்கத்திலேயே பெரிய நர்சரி அவருடையது. தோட்டச் சங்கத்தின் தலைவரும் அவர்தான். உயரமான மனிதர், மெத்தென்ற குரல். எல்வா அவருக்கு டீயும் உலர்பழ ரொட்டியும் கொடுத்தாள். அவர் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். குளிர்காலத்தில் இலை உதிர்ந்ததும் பத்துக் குச்சி வெட்டித் தருவாளா, சும்மா ஒட்டுக் கட்டிப் பார்க்கலாம் என்று கேட்டார். கேட்கப்பட்டதில் எல்வாவுக்குப் பெருமையாக இருந்தது. ஜூலையில் தன் கையாலேயே வெட்டி, ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். ஆகஸ்டில் ரெக்ஸ் இறந்துபோனான்.

மூன்று வருடம் கழித்து, 1989 ஏப்ரலில், ஊர் மன்றத்தில் இலையுதிர்காலக் கண்காட்சி. மேடையில் துணி போர்த்திய ஒரு தொட்டி. கார்மோடி துணியை விலக்கினார். மஞ்சள் நடு, சிவப்பு விளிம்பு.

"எங்க அம்மா ஞாபகமா இதுக்கு மிரியம் கார்மோடின்னு பேர் வெச்சிருக்கேன்" என்றார். "பண்ணையில கடைசி வரிசையில தானா முளைச்சு நின்னுச்சு. கடவுள் குடுத்ததுதான், வேற என்ன சொல்ல?"

எல்வா எழுந்து நின்றாள். பேருந்து ஓட்டும் சீருடைதான் போட்டிருந்தாள், மாலைப் பேருந்து நடையை முடித்து நேராக வந்திருந்தாள்.

"லயல், அது என் மரம். நீ என் வீட்டுக்கு வந்து குச்சி வாங்கிட்டுப் போன. நான்தான் வெட்டிக் குடுத்தேன்."

கார்மோடி கோபப்படவில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்து அவள் தோளில் கை வைத்தார். மெதுவாகத்தான் பேசினார், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"எல்வா கண்ணு, ரெக்ஸ் உன்கிட்ட சொல்லவே இல்லையா? இதுல ஒட்டுக் கட்டின அந்தச் செடியை அவனுக்குக் குடுத்ததே நான்தான். இத்துனூண்டு நாத்தா இருக்கிறப்ப. நீ விதை போட்டதுதான் முளைச்சிருக்குன்னு சொன்னா நீ சந்தோஷப்படுவேன்னு நெனச்சிருப்பான். நல்ல மனுஷன். நீயும் பாவம், எவ்வளவோ பட்டுட்ட."

யாரோ ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவள் பின்னால் போட்டார்கள். யாரோ ஒரு கோப்பை டீயை அவள் கையில் திணித்தார்கள். எல்வா அந்த டீயை நாற்காலியின் மேலேயே வைத்துவிட்டு வெளியே போனாள். கதவு சாத்தும் முன்பே உள்ளே கை தட்டல் ஆரம்பித்துவிட்டது.

அதன் பிறகு அவள் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. கார்மோடியின் நர்சரி அந்த மரத்தை அள்ளி அள்ளி விற்றது. நாலைந்து வருடத்தில் எல்வாவின் பேருந்துத் தடத்தில் மட்டும் நாற்பது வீட்டு முற்றத்தில் 'மிரியம் கார்மோடி' நின்றது. ஒவ்வொரு ஏப்ரலும், காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம், அவள் அந்த நாற்பது மரத்தையும் தாண்டி வண்டி ஓட்ட வேண்டும்.

மெர்வ் லீபெல்ட் பக்கத்துச் செர்ரித் தோட்டக்காரன், ரெக்ஸின் பால்ய நண்பன். அவன்தான் பின்னாளில் எனக்கு மீதியைச் சொன்னான். மன்றத்தில் அது நடந்த மறுநாள் அவன் எல்வாவிடம் போய், "வக்கீலைப் பாக்கலாமா?" என்று கேட்டிருக்கிறான்.

"வக்கீல் எதுக்கு? செத்தவனைச் சாட்சிக் கூண்டுல ஏத்த முடியுமா?"

"அப்ப விட்டுடு எல்வா."

"மரத்தைத் திருடினான், அது போகட்டும். என் புருஷன் என்கிட்ட பொய் சொன்னான்னு ஊர் நடுவுல சொன்னான் பாரு. அதை விட மாட்டேன்."

விடவில்லை. விதை போட்டுக்கொண்டே இருந்தாள்.

1995 வாக்கில் அவளிடம் இரண்டு மேப்பிள்கள் தேறின. ஒரே பெட்டியில் முளைத்த உடன்பிறப்புகள். உயரம் ஒன்று, கிளை விரிந்த விதம் ஒன்று, சிவந்த குச்சியும் மொட்டும்கூட ஒன்றே. கோடையில் எல்வாவைத் தவிர யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் பாதியாக அறுத்த பழைய ஒயின் பீப்பாய்களில் வைத்திருந்தாள். அந்தப் பீப்பாய்களும் ஒன்று போலவே இருந்தன.

ஏப்ரல் வந்தால் கதை வேறு. ஒன்று முதலில் இளஞ்சிவப்பாகும், பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு படி ஏறி, கடைசி வாரத்தில் பார்க்கக் கண் கூசுகிற சிவப்பில் நிற்கும். காலைப் பனி விலகும்போது வெயில் பின்னாலிருந்து பட்டால் இலையின் நரம்பெல்லாம் பொன்னாகத் தெரியும். 'மிரியம் கார்மோடி' அதன் பக்கத்தில் நிற்க வெட்கப்பட வேண்டும். மற்றது சிவக்கவே சிவக்காது. பச்சையிலிருந்து நேராகப் பழுப்புக்குப் போய், நனைந்த காகிதப் பை மாதிரி சுருண்டு தொங்கும்.

"இந்தக் கழுதையை எதுக்கு வெச்சிருக்க? பிடுங்கிப் போடு" என்றான் மெர்வ்.

"இதுக்கு வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"உனக்கும் வேலை இருக்கு. உன் தோட்டத்துல பெட்டி தூக்குற வண்டி இருக்குல்ல, அது எவ்வளவு கனம் தாங்கும்?"

1996 ஏப்ரலில் எல்வா முதல்முறையாகத் தன் தோட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத் திறந்துவிட்டாள். டீயோடு தின்ன ஸ்கோன் ரொட்டி செய்து வைத்திருந்தாள். ஊரே ஆச்சரியப்பட்டது. சிவப்பு மரம் வாசலுக்கு இடது பக்கம், சாலையிலிருந்தே தெரிகிற இடத்தில் நின்றது. பழுப்பு மரத்தைக் காணோம். கொட்டகைக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடியிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

கார்மோடி மத்தியானம் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அந்த மரத்தின் முன்னால் கால் மணி நேரம் நின்றார். எல்வா எனக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எல்வா கண்ணு, அருமையா இருக்கு. குளிர் வந்ததும் ரெண்டு குச்சி குடுப்பியா?"

"குடுக்க மாட்டேன், லயல்."

"பழசை இன்னும் மனசுல வெச்சிருக்கியா?"

"நீ கேட்ட, நான் பதில் சொன்னேன். ஸ்கோன் எடுத்துக்க."

அவர் சிரித்துக்கொண்டே ஒன்று எடுத்துக்கொண்டார். அப்போது எல்வா என் பக்கம் திரும்பி, அவளுக்கு வழக்கமில்லாத உரத்த குரலில், "பெவ், ஜூலைல என் கடிதமெல்லாம் உன்கிட்டயே வெச்சிரு. பள்ளி லீவு விட்டதும் மவுண்ட் கேம்பியர்ல இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போறேன். ரெண்டு வாரம் வீடு பூட்டித்தான் கிடக்கும்" என்றாள். கடிதத்துக்கு அவள் இவ்வளவு அக்கறைப்படுகிறவள் இல்லையே என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஜூன் கடைசியில் இலையெல்லாம் உதிர்ந்த பிறகு மெர்வ் தன் வண்டியைக் கொண்டுவந்தான். சிவப்பைத் தூக்கிக் கொட்டகைக்குப் பின்னால் வைத்தார்கள். பழுப்பைத் தூக்கி வாசலின் இடது பக்கம், அதே வட்டத் தடத்தில், அதே பக்கம் திருப்பி வைத்தார்கள். இலையில்லாத மேப்பிள் வெறும் குச்சிதான். அதைப் பார்த்து யாரும் நிறம் சொல்ல முடியாது.

"இன்னும் கொஞ்சம் வலது பக்கம்" என்றாள் எல்வா.

"முதுகு போச்சு எல்வா. திருடன் என்ன அளவுகோலோடவா வரப்போறான்?"

"இவன் வருவான்."

அவள் மவுண்ட் கேம்பியருக்குப் போனாள். திரும்பி வந்த அன்று பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் மரத்தைப் போய்ப் பார்த்தாள். சாய்வாக, சுத்தமாக, கூரான கத்தியால் வெட்டிய முப்பத்தேழு வெட்டு. உச்சிக் குருத்தையும் விட்டுவைக்கவில்லை. மறுநாள் தபால் அலுவலகத்துக்கு வந்து கடிதங்களை வாங்கிக்கொண்டாள். அவள் பல்லை நான் அன்றைக்குத்தான் பல வருடம் கழித்துப் பார்த்தேன்.

"ஊர்ல நல்லா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றாள்.

ஆகஸ்டில் மெர்வின் வண்டி மறுபடி வந்தது. மரங்கள் பழைய இடத்துக்கே போயின. மெர்வுக்கு இது புரியவில்லை.

"அதான் திருடிட்டான்ல? மறுபடி எதுக்கு மாத்துற?"

"அடுத்த ஏப்ரல்ல அவன் ஒட்டுக் கட்டினது எல்லாம் பழுப்பா நிக்கும். சந்தேகம் வரும். என் வீட்டு வழியா ஒரு தரம் வண்டியை மெதுவா ஓட்டிப் பாப்பான். வாசல்ல சிவப்பு நின்னா, 'மரம் சரிதான், நம்ம நிழல் கூடாரத்துலதான் ஏதோ கோளாறு'ன்னு போயிடுவான்."

அப்படியே நடந்தது. 1997 ஏப்ரலில் கார்மோடியின் பிக்கப் வண்டி அவள் வாசலில் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து போனதை எல்வா ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். வாசலில் மரம் பற்றி எரிகிற மாதிரி நின்றது. வண்டி வேகமெடுத்துப் போய்விட்டது. நிழல் வலைக்குள் உரம் போட்டு வளர்க்கிற மேப்பிள் சரியாகச் சிவக்காது என்பது நர்சரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் தனக்குத் தானே அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் முப்பத்தேழிலிருந்து நூற்றுக்கணக்கில் ஒட்டுக் கட்டினார்.

1998 குளிர்காலத்தில் அது விற்பனைக்கு வந்தது. 'கார்மோடியின் தணல்' என்று பெயர். என் தபால் அலுவலகச் சுவரிலேயே விளம்பரத் தாள் ஒட்டியிருந்தது. இலையில்லாத குச்சிச் செடிகளை ஜனங்கள் காரின் பின்னால் கட்டிக்கொண்டு போனார்கள். ஹார்லி நிட்ஷ்கே என்ற ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு, சாலையிலிருந்து தன் வீடு வரை இரு பக்கமுமாகப் பன்னிரண்டு செடி வைத்தார். மனைவி டோரா சக்கர நாற்காலியில் இருந்தாள். வராந்தாவில் உட்கார்ந்தபடி அவள் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஹார்லி குழி தோண்டிய அந்த இரண்டு வாரமும் எல்வாவின் பேருந்து தினமும் அவரைத் தாண்டிப் போயிற்று. அவர் மண்வெட்டியைத் தூக்கிக் காட்டுவார். அவள் கையை ஆட்டுவாள்.

1999 ஏப்ரலில் ஊர் முழுக்க நனைந்த காகிதப் பைகள் தொங்கின. ஜனங்கள் இலையைப் பையில் போட்டுக்கொண்டு நர்சரிக்குப் போனார்கள். வேர் ஊன்ற ஒரு வருடம் ஆகும், பொறுங்கள் என்றார் கார்மோடி. பொறுத்தார்கள். 2000 ஏப்ரலிலும் அதே பழுப்பு.

அந்த வருடக் கண்காட்சியில் மன்றம் நிரம்பி வழிந்தது. பாதிப் பேர் கேள்வி கேட்க வந்தவர்கள். கார்மோடி மேடையில் நின்று மழைக் குறைவு, மண்ணின் அமிலத்தன்மை, இரவுக் குளிர் போதாதது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அப்போது பக்கக் கதவு திறந்தது. மெர்வ் ஒரு தள்ளுவண்டியைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தான். அதன் மேல் பீப்பாய், பீப்பாயில் எல்வாவின் மரம். உள்ளே வருவதற்குள் கதவு நிலையில் உரசி நாலைந்து இலை உதிர்ந்தது. பழுப்பும் சாம்பலும் கம்பளிச் சட்டைகளுமாக இருந்த அந்த மன்றத்தில் அந்தச் சிவப்பு நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது.

எல்வா மரத்தின் பக்கத்தில் நின்றாள். அப்போது அவளுக்கு அறுபத்தாறு வயது.

"லயல், ஒரே ஒரு கேள்வி. உன் தணல் மரத்தை நீ எங்க கண்டெடுத்த?"

"இப்ப அதுவா முக்கியம், எல்வா கண்ணு? எல்லாரும் வேற விஷயம் பேசிட்டு இருக்கோம்."

"பண்ணையில கடைசி வரிசையிலயா? தானா முளைச்சதா?"

"ஆமா. பண்ணையிலதான்."

"அப்ப சரி. என் மரத்தோட அதுக்குச் சம்பந்தம் இல்ல. நான் சும்மா எல்லாரும் பாக்கட்டும்னுதான் கொண்டுவந்தேன்."

கார்மோடியின் கண் மரத்தை விட்டு நகரவில்லை. மேடையிலிருந்து இறங்கினார். பீப்பாயைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பிறகு குனிந்து இலைகளை விலக்கிக் கிளைகளைப் பார்த்தார். ஒவ்வொரு கவட்டையாகப் பார்த்தார். உச்சியைப் பிடித்து வளைத்து, குருத்து வெட்டுப்படாமல் நேராக ஒரே கோடாக ஏறியிருப்பதைப் பார்த்தார். அவர் கழுத்து சிவந்துகொண்டே வந்தது.

"இதுல ஒரு வெட்டுகூட இல்ல" என்றார். பிறகு நிமிர்ந்து, நாங்கள் யாரும் கேட்டறியாத ஒரு குரலில் கத்தினார். "நீ மாத்தி வெச்சிருக்க! கிழட்டுப் பிசாசே, மரத்தை மாத்தி வெச்சிட்ட!"



"எதை மாத்தி வெச்சேன், லயல்?" என்றாள் எல்வா. குரலை உயர்த்தவில்லை. "உன் பண்ணைல முளைச்ச மரத்தை நான் எப்படி மாத்த முடியும்?"

தன் வாயாலேயே திருட்டை ஒத்துக்கொண்டது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. முன்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். எல்வா சிரித்தவரைத் திரும்பிப் பார்த்தாள், சிரிப்பு நின்றது.

"இன்னொரு கேள்வி இருக்கு. பதினோரு வருஷத்துக்கு முன்னால இதே இடத்துல நின்னு ஒண்ணு சொன்ன. ரெக்ஸ் உன்கிட்ட நாத்து வாங்கினானா?"

"எல்வா, போதும்..."

"வாங்கினானா?"

"இல்ல" என்றார் கார்மோடி.

"பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கல."

"இல்ல! வாங்கல!"

எல்வா மெர்வைப் பார்த்துத் தலையசைத்தாள். இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்கள். அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, யார் கையையும் குலுக்கவில்லை. நாங்கள் கை தட்டலாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் தட்டவில்லை.

கார்மோடி அந்த வருடமே தலைவர் பதவியிலிருந்து விலகினார். ஜனங்கள் செடிகளைப் பிடுங்கிக்கொண்டுபோய் நர்சரி வாசலில் போட்டார்கள், மண்ணும் வேருமாக, குவியலாக. அதைப் பார்ப்பதற்காகவே எல்வா ஒரு வாரம் மாலை நடை முடிந்த பின் பேருந்தை அந்த வழியாகத் திருப்பினாள். இரண்டாவது வருடம் நர்சரி கைமாறியது. அவர் கடற்கரைப் பக்கம் போய்விட்டார், தோட்டம் இல்லாத ஒரு அடுக்குமாடியில் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். மெர்வ் அந்தச் செய்தியைச் சொன்னபோது எல்வா, "ஜன்னல்ல இருந்து மரம் எதாவது தெரியுமா?" என்று கேட்டாளாம். தெரியாது என்றதும் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதைத் தொடர்ந்தாளாம்.

ஆனால் ஹார்லி நிட்ஷ்கே அவள் வீட்டுக்கே வந்தார். நான் ஒரு பதிவுத் தபாலைக் கொடுக்கப் போயிருந்தேன், அங்கேயே நின்றேன்.

"நான் குழி தோண்டினப்ப உனக்குத் தெரியும்" என்றார்.

"தெரியும்."

"பன்னிரண்டு குழி. ரெண்டு வாரம். நீ கையை ஆட்டிட்டுப் போன."

"ஆமா."

"டோராவுக்கு எத்தனை ஏப்ரல் மிச்சம் இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா? ரெண்டு. ரெண்டையும் அந்தக் குப்பையைப் பாத்தே கழிச்சா."

எல்வாவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். பிறகு, "அந்த மரத்துமேலயே என் சிவப்பை ஒட்டுக் கட்டித் தரேன், ஹார்லி. பன்னிரண்டுக்கும். நாலு வருஷத்துல..." என்றாள்.

"யாருக்கு?" என்றார் அவர். தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பன்னிரண்டையும் வெட்டிப் போட்டார். சாகும்வரை அவள் பேருந்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எல்வா வருத்தப்பட்டாளா என்று என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள். ஹார்லி விஷயத்தில் வருத்தப்பட்டாள். மற்றதில் இல்லை. இன்னொரு தரம் வாய்ப்புக் கிடைத்தால் இன்னொரு தரம் செய்திருப்பாள், இந்த முறை பீப்பாயை இன்னும் கொஞ்சம் சரியாகத் திருப்பி வைத்து.

அந்தச் சிவப்பு மரத்துக்கு ஊரில் எல்லோரும் ஆசைப்பட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகாவது ஒட்டுக் கட்டிக் கொடுப்பாள் என்று எதிர்பார்த்தோம். நானும் ஒரு நாள் ஃப்ரூட் கேக் செய்து எடுத்துக்கொண்டு போனேன். ஒரே ஒரு செடி, என் அடுக்களை ஜன்னலுக்கு எதிரே வைக்க, என்றேன்.

எல்வா கேக்கை வாங்கிக்கொண்டாள். ஒரு துண்டு வெட்டி எனக்கே கொடுத்தாள்.

"ஏண்டி பெவ், எண்பத்தொம்போதுல மன்றத்துல நீ எங்க உக்காந்திருந்த?"

"மூணாவது வரிசை" என்றேன்.

"நாற்காலி கொண்டுவந்து போட்டது யாரு?"

"நான்தான்."

"அப்புறம் கை தட்டினியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தட்டினேன்" என்றேன்.

"கேக் நல்லா இருக்கு" என்றாள் எல்வா. அதன் பிறகு நான் செடியைப் பற்றி எடுக்கவில்லை. அவள் அதே சுருக்கமான அன்போடுதான் கடைசிவரை என்னிடம் இருந்தாள். ஆனால் கொடுக்கவில்லை. எனக்கு மட்டுமில்லை, அன்று அந்த மன்றத்தில் இருந்த எவருக்கும், அவர்கள் பிள்ளைகளுக்கும் அவள் ஒரு குச்சி கொடுக்கவில்லை. அந்த ஊரில் அப்படிப் பார்த்தால் மிச்சம் யாரும் இல்லை. ஹார்லிக்கு மட்டும்தான் கொடுக்க முன்வந்தாள், அவர் வேண்டாம் என்றார்.

2009 ஏப்ரலில், தன் எழுபத்தைந்தாம் வயதில், எல்வா தூக்கத்திலேயே போய்விட்டாள். தேவாலயத்தில் அடக்க ஆராதனை முடிந்த மறுவாரம், வெளியில் தீ மூட்டக் கூடாதென்ற கோடைத் தடை விலகிய நாளில், அவள் வீட்டுப் பின்புறத்தில் புகை எழுவதைப் பார்த்து நான் போனேன். மெர்வ் நெருப்பின் பக்கத்தில் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். பீப்பாய் வளையங்கள் தீக்குள் கிடந்தன. அறுத்த கிளைகளில் இலை இன்னும் இருந்தது. அந்த வாரம் அது உச்ச நிறத்தில் இருந்திருக்க வேண்டும்.

"என்ன காரியம் பண்ற மெர்வ்?"

"எழுதி வெச்சிட்டுப் போயிட்டா. வேரோட எடுத்து எரிக்கணும்னு. எனக்குப் பிடிக்கல பெவ். ஆனா செய்றேன்னு ஒத்துக்கிட்டேன்."

"ஒரு குச்சியாவது எடுத்து வெச்சியா?"

மெர்வ் கம்பால் ஒரு கிளையைத் தீக்குள் தள்ளினான்.

"எடுக்கல. அவ எண்ணி வெச்சிருப்பா" என்றான்.